தறியின் வலப்பக்கம்

அக்டோபர் 27, திங்கள்

காலையிலிருந்து தூறல். தறியில் பூட்டிய பாவு நூல் நமத்துக் கிடந்தது, குறுக்கே நூல் கொண்டுபோகிற நாடா நகரமாட்டேன் என்று அடம். தறிக்குழிக்குள் குண்டு பல்பைத் தொங்கவிட்டுச் சூடு காட்டிய பிறகுதான் ஓடியது. அரை முழம் நெய்தேன்.

நாளை அமுதா வருகிறாள்.

செய்ய வேண்டியவை:
– வீடு கழுவ (ஆயிற்று)
– கொசுவலை துவைக்க (ஆயிற்று, காயவில்லை)
– மாதுளை, பேரீச்சம்பழம், நல்ல அரிசி
– மெத்தையை வெயிலில் போட. வெயில் எங்கே?
– என் முகம். சிரித்த மாதிரி வைத்துக்கொள்ளப் பழக.

இந்த நோட்டு காவியாவுடையது. என் மகள். செய்யாறு பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. அங்கே யாரோ வந்து, வாழ்க்கையை நல்லவிதமாகப் பார்ப்பது எப்படி என்று இரண்டு மணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு நோட்டும் ஒரு சமோசாவும் கொடுத்தார்களாம். சமோசாவை அவள் தின்றுவிட்டாள், நோட்டு எனக்கு.

"தெனமும் உனக்கு நீயே நாலு வார்த்த சொல்லிக்கணும்பா. அப்புறம் அன்னிக்கு நடந்த நல்லது மூணு எழுதணும். எங்க எல்லாரையும் வுட உனக்குத்தான் இது வேணும்."

சரி. எனக்கு நானே:
1. அமுதா முன்னால் அழக்கூடாது.
2. 'வலிக்குதா வலிக்குதா' என்று நாளுக்கு நூறு தரம் கேட்கக்கூடாது. இரண்டு தரம் போதும்.
3. அவளை ஒரு வேலையும் தொடவிடக்கூடாது.
4. பழைய ஆஸ்பத்திரிப் பேச்சு வேண்டாம்.

மூன்றாவதற்குத்தான் பெரிய ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன். ஆனி மாதம் அமுதாவுக்கு வலது மார்பில் ஆபரேஷன். அக்குளிலிருந்தும் கட்டி எடுத்தார்கள். பிறகு ஊசி மருந்து. அதற்கும், பிறகு கரண்ட் வைக்கிற கதிர் சிகிச்சைக்கும் வேலூரில் அவள் அண்ணன் வீட்டில் மூன்று மாதம் தங்கினாள். வலது கை வீங்கலாம், பாரம் தூக்கக்கூடாது, அந்தக் கையில் ஊசி கூடக் குத்தக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

நாங்கள் நெய்வதோ கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நான் உடலுக்கு நாடா போட, வலப்பக்கம் உட்கார்ந்து அவள் கரைக்குப் போடுவாள். இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான். அவள் வேலூரில் இருந்த சமயம் பார்த்துத் தறியை ஒற்றை நாடாவுக்கு மாற்றிவிட்டேன். உடலுக்கும் கரைக்கும் ஒரே நூல், ஓர் ஆள் போதும். கூலி குறைவு, போகட்டும். அவள் உட்காரும் மணையை எடுத்துப் பரண்மேல் போட்டு, அந்த இடத்தில் நூல் சுற்றிய தார்க்குச்சிகள் போடும் கூடையை வைத்தாயிற்று. வந்து பார்த்து 'என்னால் முடியவில்லையே' என்று ஏங்க வேண்டாமே.

காவியா கேட்டாள்: "அம்மாகிட்ட கேட்டியாப்பா?"

"இன்னாத்துக்கு கேக்கறது? வந்து பாத்து சந்தோஷப்படட்டும்."

நல்லது மூன்று: பல்பு வேலை செய்தது. பால் திரியவில்லை. நாளை.

அக்டோபர் 28, செவ்வாய்

மழையும் இல்லை, வெயிலும் இல்லை. பன்னிரண்டே காலுக்கு மச்சான் காரில் கொண்டுவந்து விட்டார். காவியா லீவு போட்டிருந்தாள். ஆரத்தி எடுத்தாள்.

அமுதா இளைத்துவிட்டாள். தலையில் அரை விரல் முடி, கோழிக்குஞ்சு மாதிரி. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க அப்படி பாக்கறீங்க?" என்றாள். நல்லாத்தான் கீற என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. முதல் விதி நாலு நிமிஷத்தில் காலி. கண்ணில் தூசு என்று கிணற்றடிக்குப் போய்விட்டேன். கிணற்றடியில் ஏது தூசு.

ரசம் சாதம் சாப்பிட்டாள். கை கழுவியதும் நேராகத் தறி அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே. வாசற்படியில் நின்று வலப்பக்கத்தையே பார்த்தாள்.

"கூடை எதுக்குங்க அங்க?"

"ஒத்த நாடாவுக்கு மாத்திட்டேன். இனிமே நான் ஒருத்தனே நெய்யலாம். உனக்கு ஒரு பேஜாரும் இல்ல. ஜாலியா ரெஸ்ட் எடு."

"ஓ."

"நல்லா கீதா?"

"நல்லா கீதுங்க."

போய்ப் படுத்துக்கொண்டாள், சுவர்ப்பக்கம் திரும்பி. பயணக் களைப்பு.

நல்லது மூன்று: வந்துவிட்டாள், வந்துவிட்டாள், வந்துவிட்டாள்.

அக்டோபர் 29, புதன்

வெயில். மெத்தை காய்ந்தது.

பார்க்க வருகிறவர்கள் எல்லோருக்கும் ஆப்பிள்தான் தெரிகிறது. பதினேழு ஆப்பிள். இந்த வீட்டில் ஆப்பிள் தின்கிறவர் யாரும் இல்லை.

பக்கத்து வீட்டுச் செல்வியும் இன்னொருத்தியும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே பேசியது:

"பாவம், கையே போச்சு போல."

"அதான் அவரு ஒத்த நாடாவுக்கு மாத்திட்டாரு. பொஞ்சாதிய எப்படித் தாங்கறாரு பாரு."

கேட்கக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. உள்ளே அடுப்படியில் ஒரு பாத்திரம் டங்கென்று விழுந்தது.

சாயங்காலம் ஒரு டம்ளர் கழுவப் போனாள். ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். "நான் கழுவறேன், நீ உக்காரு." உட்கார்ந்தாள். துடைப்பத்தைத் தொட்டாள், பிடுங்கினேன். ஆய்வதற்குக் கீரைக்கட்டை எடுத்தாள். அதையும். கடைசியில் கையை மடியில் வைத்துக்கொண்டு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

எல்லாவற்றுக்கும் 'ங்க' போட்டே பேசுகிறாள். சரிங்க, வேணாங்க, ஆச்சுங்க. தறியில் உட்கார்ந்தால் நான் அவளுக்கு 'யோவ்'. எழுந்து வெளியே வந்தால்தான் 'ஏங்க'. இரண்டு நாளாக ஒரு யோவ் இல்லை.

அக்டோபர் 31, வெள்ளி

மீண்டும் தூறல். புடவை உடலில் மூன்றாவது புட்டாப் பூ வரிசை முடிந்தது.

பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சுவரோரம் நின்று வலது கை விரல்களால் சுவரில் மெல்ல மேலே ஏற வேண்டும். எதுவரை போகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. நான் இருந்தால் செய்வதில்லை. இன்று பால் வாங்கிக்கொண்டு வரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறாள், பழைய கோட்டுக்கு மேல் ஒரு விரல் அளவு. புதுக் கோடு போட்டுவிட்டு அங்கேயே நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றாள். பாலைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் இன்னொரு சுற்று போய்விட்டு வந்தேன்.

நல்லது: ஒரு விரல்.

நவம்பர் 1, சனி

காவியாவின் யோசனை, சிரிப்பு வீடியோ காட்டச் சொன்னாள். ஒரு குரங்கு ஒருத்தரின் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். மூன்று தரம் போட்டுக் காட்டினேன். மூன்று தரமும் நான்தான் சிரித்தேன். "கண்ணு வலிக்குதுங்க, நிறுத்துங்க" என்றாள்.

எனக்கு நானே:
5. சும்மா இரு.

சும்மா இருக்க முடியவில்லை. அவளிடம் என்ன குறை வைத்தேன் என்று புரியவில்லை. பயமாக இருக்கிறது. ஆபரேஷன் அன்று கூட இப்படிப் பயப்படவில்லை. அன்றைக்கு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 3, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலை பத்து மணிக்குக் கடை முதலாளி வந்தார் (இனி மு.). எங்களுக்குப் பாவும் பட்டும் கொடுப்பவர், நல்ல மனிதர். அமுதாவைப் பார்த்து நலம் விசாரித்தார். பிறகு தறியைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த பாவும் ஒத்த நாடா தான, தணிகாசலம்?" என்றார்.

"ஆமாண்ணா. இனிமே அதான்."

யோசிக்கவே இல்லை. அமுதா டீ கொண்டுவந்தாள். அதையும் நான் பிடுங்கிக் கொடுத்தேன். மு. கிளம்பினார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அமுதா தறி அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"ஒன்னு கேக்கறேன். இருவத்திரெண்டு வருசமா அந்தப் பக்கம் உக்காந்தேன். காவியா வயித்துல இருக்கும்போது ஒம்போதாம் மாசம் வரிக்கும் உக்காந்தேன். செத்துப் போனவ எடத்த கூட கொஞ்ச நாளு காலியா வெப்பாங்க. நான் உசுரோட கீறேன். கூடையக் கொண்டாந்து வெச்சிட்டியே."

சத்தம் போடவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"உனக்கு கஷ்டமா இருக்குமேன்னு…"

"என்னக் கேட்டியா?"

கேட்கவில்லை.

"டம்ளர் கூட கழுவ வுட மாட்டன்ற. அங்க ஆஸ்பத்திரில படுத்துகினு கீறப்ப நான் இன்னா நெனச்சிகினு இருந்தேன் தெரியுமா? வூட்டுக்குப் போனா மொதல்ல தறிதான்னு. அந்தக் கரண்ட் மிசினுக்கு உள்ள கூட கண்ண மூடிகினு கரை போட்டுகினு இருந்தேன். ஒன்னு, ரெண்டு, மூணுன்னு."

பிறகு அழுதாள். நானும். விதி எல்லாம் எங்கே போயிற்றோ.

நவம்பர் 4, செவ்வாய்

மூன்றாம் விதி, அடித்தாயிற்று.

நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டவை: டம்ளர். துடைப்பம். கீரை. மு.வுக்கு டீ. மணை. அடுத்த பாவு.

நோய் எடுத்துக்கொண்டது ஒன்று. நான் எடுத்தது ஆறு. அன்பு என்று நினைத்துத்தான் செய்தேன். அதற்காகச் செய்தது இல்லையென்று ஆகுமா?

காவியாவிடம் எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலூரில் பயிற்சி சொல்லிக் கொடுத்த ஆஸ்பத்திரி அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். கரை நாடா என்பது உள்ளங்கை அளவு, கைக்குக் கை மாற்றுவது, பாரம் இல்லை என்று விளக்கியிருக்கிறாள். அந்த அம்மா சொன்னது, காவியா எழுதி வைத்தபடி:

– சின்ன அசைவு நல்லதுதான். சும்மா தொங்கப் போடுவதுதான் கெடுதல்.
– ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு அரை மணி. மணியடித்தால் நிறுத்த.
– கையில் கீறல் படக்கூடாது.
– காலையும் மாலையும் டேப்பால் கையை அளக்க. மணிக்கட்டுக்கு மேல் ஓரிடம், முழங்கைக்கு மேல் ஓரிடம். கூடினால் வேலையை விட்டுவிட்டு உடனே வர.

நவம்பர் 5, புதன்

நல்ல வெயில். கூடையை எடுத்தேன். பரணிலிருந்து மணையை இறக்கி, துடைத்து, வலப்பக்கம் போட்டேன். அமுதாவைக் கூப்பிட்டேன்.

"தப்பு பண்ணிட்டேன். கேக்காம பண்ணிட்டேன்."

காவியாவின் தாளைக் காட்டினேன். படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு பயமா கீது."

"நீதான…"

"எடந்தான் கேட்டேன். நாடா போடறேன்னு எப்ப சொன்னேன்? ஒக்காந்து கை வீங்கிகினா இன்னா பண்றது? இன்னொரு வாட்டி என்னால அங்க போயி படுக்க முடியாது."

இது எனக்குத் தோன்றவே இல்லை. கோபமாக இருக்கிறாள் என்று ஒரு வாரம் நினைத்தேன், பிறகு வருத்தம் என்று நினைத்தேன். பயம் என்று ஒரு தரமும் நினைக்கவில்லை. எனக்கு மட்டும்தான் பயம் என்று இருந்துவிட்டேன்.

"சும்மா ஒக்காரு. போதும்" என்றேன்.

"பாப்போம்."

நவம்பர் 7, வெள்ளி

உட்கார்ந்தாள். பதினொரு மணி. காப்பி டம்ளரோடு வந்து, எதுவுமே நடக்காத மாதிரி மணையில் உட்கார்ந்துகொண்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மிதியை மிதித்து, நாடாவை விட்டு, நூலை நெருக்கும் பலகையை அடித்தேன்.

ஒற்றை நாடாவில் அவளுக்கு வேலை இல்லை. ஆனால் ஓர் இழை அறுந்தது. நான் குனிவதற்குள் இடது கையால் எடுத்து முடிச்சுப் போட்டுவிட்டாள். மதியத்துக்குள் ஐந்து முடிச்சு.

பேசினாள். செல்வியின் மாமியாருக்குப் பல் கட்டினது, வேலூரில் பக்கத்துக் கட்டிலில் இருந்த தேசூர்க்கார அம்மா தினமும் ஒரு நர்சுக்குக் கல்யாணப் பேச்சு நடத்தினது, அண்ணி சாம்பாரில் வெல்லம் போடுவது. மூன்று மாதமாகத் தறியில் போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று போன் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

நல்லது மூன்று: எழுத இடம் போதாது.

நவம்பர் 10, திங்கள்

மேகமூட்டம்.

"யோவ்."

நான் நாடாவோடு நின்றுவிட்டேன்.

"இன்னா முழிக்கற? அங்க பாரு. ஒரு புட்டா வுட்டுட்ட."

நாலு விரற்கடைக்குக் கீழே, வரிசையில் ஒரு புட்டா இல்லை. எனக்குத் தெரியவே இல்லை. அப்படியே மு.விடம் போயிருந்தால் மானம் போயிருக்கும். நாலு விரற்கடையையும் இழை இழையாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. சாயங்காலம் வரை. இருவருமாக. ஒரு நாள் வேலை பாழ்.

மூன்று நல்லதில் முதலாவதாக இதைத்தான் எழுதுகிறேன். காவியாவின் கம்பெனி வகுப்புக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா தெரியாது.

நவம்பர் 12, புதன்

பாவு முடிகிற கட்டம், இன்னும் முக்கால் முழம். ஆகவே காலையில் மு. கடைக்குப் போனேன்.

"அண்ணா, அடுத்த பாவு கோர்வையே குடுங்க."

மு. கண்ணாடியைக் கழற்றினார். "பாவு பூட்டிட்டா பாதியில எறக்க முடியாது. தை முகூர்த்தத்துக்கு வேணும் எனக்கு. அந்தம்மா கை நின்னுபோச்சுன்னா?"

"நானே எட்டி எட்டி ரெண்டு நாடாவும் போட்டு முடிச்சித் தரேன்."

"அது மாசக்கணக்கா ஆவும். சரி, அந்தம்மா ஒத்துக்கிச்சா?"

நான் சட்டைப்பையில் சைக்கிள் சாவியைத் தேடினேன்.

"கேக்கலியா?"

"…இல்லண்ணா."

சிரித்துவிட்டார். கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தவர்களும். "நல்லா கீதே! ஒத்த நாடாவுக்கும் நீயே மாத்துவ, கோர்வைக்கும் நீயே மாத்துவ. போயா, போயி மொதல்ல அந்தம்மாவக் கேளு."

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். அதற்கு உதாரணமாக என்னை எழுதி மாட்டலாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அமுதாவிடம் நடந்ததைச் சொல்லி, கோர்வை போடலாமா என்று கேட்டேன். முதலில் முறைத்தாள். பிறகு உதடு துடித்தது. பிறகு சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும் அளவுக்கு. "நீ திருந்தவே மாட்ட." ஆனி மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் இந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். குரங்கு வீடியோ தேவைப்படவில்லை, நானே போதும்.

பதில் மட்டும் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் ஒரு வேலைதான் போல.

நவம்பர் 14, வெள்ளி

நேற்றே புடவை அறுத்து மு.விடம் கொடுத்தாயிற்று. தறி சும்மா. எனக்குக் கை ஓடவில்லை, ரேஷன் கடைக்குப் போனேன். ஆள் இல்லை, திரும்பினேன்.

கட்டிலில் அமுதா. மடியில் துண்டை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, அதன் மேல் நூல் இல்லாத கரை நாடாவை வலக்கையிலிருந்து இடக்கைக்கு, இடக்கையிலிருந்து வலக்கைக்கு. உதடு அசைகிறது, எண்ணுகிறாள். ஒரு தரம் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, மறுபடி ஒன்றிலிருந்து.

வெளியே வந்து சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து உள்ளே போனேன். நாடா தலையணைக்கடியில் போயிருந்தது. "அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றாள்.

அவள் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று இந்த வயதில் எழுதிவைக்க வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 15, சனி

அமுதாவே போன் போட்டாள், மு.வுக்கு. என் எதிரிலேயே.

"அண்ணா, கோர்வைப் பாவு குடுங்க. முன்ன மாதிரி ஜல்தியா ஆவாது, நாளு கூட ஆவும். இப்பவே சொல்லிட்டேன். முடியலன்னா அதையும் நானே சொல்லுவேன், இவரக் கேக்காதீங்க."

எதிர்ப்பக்கம் என்ன சொன்னாரோ. "சரிண்ணா, சரிண்ணா" என்று வைத்தாள். என்னைப் பார்த்து, "இன்னா?" என்றாள்.

"ஒன்னுமில்ல."

நவம்பர் 18, செவ்வாய்

பாவு பிணைக்கிற இரண்டு அம்மாக்கள் நேற்றும் இன்றும். பழைய பாவின் ஒவ்வொரு இழை நுனியோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்துத் திரித்துக்கொண்டே போனார்கள். உடல் மாம்பழ மஞ்சள், கரை அரக்கு. அமுதா அவர்களுக்குச் சோறு வடித்துப் போட்டாள். சாதத்தைக் குக்கரில் வைக்கச் சொன்னேன், பானையைத் தூக்க வேண்டாமே என்று. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தேன். அவளோ, "சரி, அதுவும் நல்லதுதான்" என்று குக்கரை வைத்தாள். எல்லாமே தப்பில்லை.

டேப் வாங்கியாயிற்று, தையல் டேப். முதல் அளவு எழுதி ஒட்டியாயிற்று.

நவம்பர் 19, புதன்

அமாவாசை. தறி ஓடாது. ஊரே அமைதி. மாதுளை உரித்தேன். ஆப்பிளில் மிச்சமிருந்தவற்றைச் செல்வி வீட்டு ஆட்டுக்கு.

நவம்பர் 21, வெள்ளி

வெயில், நல்ல வெயில். பாவு முறுக்காக நின்றது.

தறிக்கு மஞ்சள் குங்குமம், கற்பூரம், தேங்காய். எங்கள் வீட்டு வழக்கம், புதுப் பாவில் முதல் இழை கரையிலிருந்துதான் போட வேண்டும். ஆகவே அமுதா. நான் மிதித்தேன். அரக்கு நூல் நாடா அவள் வலது கையிலிருந்து கிளம்பி இடது கைக்கு வந்தது. உள்ளங்கை அகலம்தான். அது போய்ச் சேருகிறவரை நான் மூச்சு விடவில்லை.

போனில் அரை மணிக்கு அலாரம் வைத்தோம்.

சொதப்பியது அவளில்லை, நான். மூன்று மாதம் ஒற்றை நாடா போட்ட கைக்கு அவசரம் பழகிவிட்டது. அவள் நாடா வெளியே வருவதற்குள் பலகையை அடித்துவிட்டேன்.

"யோவ்! நான் போடறதுக்குள்ள அடிக்கற!"

மறுபடியும் அடித்தேன். மஞ்சளும் அரக்கும் கொக்கி போட்டுக்கொள்ளாமல் கரையோரம் விட்டுக்கொண்டது. பிரித்தோம். ஏழாம் தரம்தான் கை ஒத்து வந்தது.

எனக்கு நானே: பலகை அடிக்கும் முன் வலப்பக்கம் பார். பழைய விதிகளையெல்லாம் அடித்துவிட்டேன், இது ஒன்று இருந்தால் போதும்.

அலாரம் அடித்தபோது ஒரு விரற்கடைகூட நெய்திருக்கவில்லை. அவளே நிறுத்தினாள். நெற்றியெல்லாம் வேர்வை. நெய்ததை விரலால் தடவிப் பார்த்தாள், கரையும் உடலும் சேரும் இடத்தை. "நிக்குது" என்றாள்.

சாயங்காலம் அளந்தோம். மணிக்கட்டு, அதே அளவு. முழங்கைக்கு மேல், நான் அளந்தால் ஒரு கோடு கூடுகிறது, காவியா அளந்தால் கூடவில்லை. டேப்பை இறுக்கிப் பிடித்தால் ஒன்று, விட்டுப் பிடித்தால் ஒன்று. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. காவியா வேலூருக்குப் போன் போட்டாள். தலையணை மேல் கையை உயர்த்தி வைத்துப் படுக்கட்டும், காலையில் அளக்கட்டும், கூடியிருந்தால் கிளம்பி வாருங்கள் என்றார்கள்.

அமுதா மூன்று தலையணை கேட்டாள்.

நவம்பர் 22, சனி

பனி. ஐந்தரைக்குக் காவியாவைக் கம்பெனி பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். போகும்போது பஸ் படியிலிருந்து, "அளந்ததும் மெசேஜ் போடுப்பா" என்றாள்.

அமுதா எழுந்துவிட்டாள். கிணற்றடியில் தண்ணீர் சத்தம். கேட்கப் பயமாக இருக்கிறது, அதனால் எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்காமல் செய்தது தப்பு என்று இந்த நோட்டிலேயே எழுதியவன் நான். இப்போது கேட்க வாய் வரவில்லை. கூடியிருந்தால் எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். பையில் ரிப்போர்ட்டுகளை எடுத்து வைத்துவிட்டேன், அவளுக்குத் தெரியாமல். மஞ்சளும் அரக்கும் பாவும் எப்படியோ போகட்டும். அவள் போய் அங்கே படுக்கக்கூடாது. அது ஒன்றுதான் வேண்டும் எனக்கு. சாமி அறைப்பக்கம் போகவும் பயமாக இருக்கிறது, கேட்டுவிட்டு இல்லையென்று ஆகிவிட்டால்.

நோட்டின் மேல் டேப் வந்து விழுந்தது. அமுதா. குளித்து, தலையில் துண்டு.

"நானே அளந்துட்டேன். ரெண்டு வாட்டி. நேத்து காலைல இருந்ததுதான், ஒரு கோடு கூடல. அந்தப் பைய எடுத்து உள்ள வை."

போய்த் தன் மணையில் உட்கார்ந்துவிட்டாள், நான் தறியில் இறங்குவதற்கு முன்னாலேயே. கூப்பிடுகிறாள்.